வலி வரவழைக்க மருந்து: வாயிலா, கீழே வைப்பதா, டிரிப்பா?

கேள்வி இதுதான். 41 வாரம் முடிந்தும் வலி வராததால் தங்கையை அட்மிட் செய்திருக்கிறார்கள். அவருக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை மாத்திரை கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஜெல் வைத்தார்கள். எதிர்க்கட்டிலில் இருப்பவருக்கு நேரே டிரிப். ஒரே வேலைக்கு ஏன் மூன்று வழி, இதில் எது நல்லது?

பொதுவாக நல்லது என்று ஒன்று கிடையாது. மருத்துவர் தனக்குள் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறார். கருப்பை வாய் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? வலி அளவு மீறிப் போய்க் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினால், கொடுத்த மருந்தை எவ்வளவு சீக்கிரம் விலக்க முடியும்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். வழிகளுக்கு நடுவே உள்ள உண்மையான வித்தியாசம் இரண்டாவது கேள்வியில்தான் தெரியும்.

முதலில் கருப்பை வாய். வலி எழாத பெண்ணுக்கு அது மூக்கு நுனி போலக் கெட்டியாக, நீளமாக, பின்பக்கம் திரும்பி, மூடியிருக்கும். பழுத்தபின் உதடு போல மெத்தென்று, குட்டையாக, முன்பக்கம் வந்து, விரல் நுழைகிற மாதிரி இருக்கும். இதை எண்ணாக மாற்றுவதற்கு பிஷப் ஸ்கோர் என்று ஒரு கணக்கு 1964 முதல் இருக்கிறது. வாய் எத்தனை செ.மீ. திறந்திருக்கிறது, எவ்வளவு குட்டையாகியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற மூன்றுக்கும் 0 முதல் 3 வரை; மென்மைக்கும் திசைக்கும் 0 முதல் 2 வரை. மொத்தம் 13. 6 அல்லது அதற்குக் கீழே என்றால் காய். 8-க்கு மேல் என்றால் தானாக வலி வந்தவருக்கும் இவருக்கும் சுகப்பிரசவ வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

காயாக இருக்கும் கருப்பை வாய்க்கு ஆக்ஸிடோசின் டிரிப் போட்டால் கருப்பை சுருங்கும், வலிக்கும், வாய் மட்டும் திறக்காது. ஆக்ஸிடோசின் தசையைச் சுருக்கும். வாயைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை இளக்குவது அதன் வேலை இல்லை. அந்த வேலையைச் செய்வது ப்ராஸ்டாகிளாண்டின். இந்த இனத்தில் இரண்டு மருந்துகள் புழக்கத்தில் உள்ளன. ஜெல்லாக வருவது டைனோப்ராஸ்டோன். மாத்திரையாக வருவது மிசோப்ராஸ்டால். "காலையிலிருந்து டிரிப் ஏறுது, ஒரு விரல்கூடத் திறக்கலை" என்று வீட்டார் புலம்புவதில் ஒரு பங்கு, வாய் பழுக்கும் முன்னே டிரிப்பைத் தொடங்கியதால் வருவது. எதிர்க்கட்டில்காரருக்கு நேரே டிரிப் என்றால், ஒன்று அவருக்கு வாய் பழுத்திருக்கும், இல்லாவிட்டால் பனிக்குடம் உடைந்திருக்கும்.

இனி மிசோப்ராஸ்டால். இது வயிற்றுப்புண்ணுக்கு வந்த மாத்திரை. விலை குறைவு, பிரிட்ஜ் வேண்டாம், ஈரம் படாமல் அட்டையிலேயே இருந்தால் போதும். இதே மாத்திரையை விழுங்கலாம், நாக்கடியில் வைக்கலாம், கன்னத்தில் ஒதுக்கலாம், பிறப்புறுப்பில் வைக்கலாம், ஆசனவாயில் வைக்கலாம். ஒவ்வொரு வழியிலும் அது வேறு மருந்து மாதிரி நடந்துகொள்ளும்.

விழுங்கினால் சுமார் அரை மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். பிறப்புறுப்பில் வைத்தால் உச்சம் தொட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உயரம் குறைவுதான், ஆனால் மெல்ல இறங்கும். ஆறு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் விழுங்கியதைவிட அதிக மருந்து உடலில் சேருகிறது. நாக்கடியில் வைத்தால் விழுங்கியதைப் போலவே வேகம், உச்சம் மட்டும் எல்லாவற்றையும் விட உயரம். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் உள்ள கால இடைவெளி இதிலிருந்து வருவதுதான்: வாய்வழி 25 மைக்ரோகிராம், 2 மணிக்கு ஒருமுறை; பிறப்புறுப்பு வழி 25 மைக்ரோகிராம், 6 மணிக்கு ஒருமுறை. அளவு ஒன்று, இடைவெளி மூன்று மடங்கு. கீழே வைத்ததை இரண்டு மணிக்கு ஒருமுறை வைத்தால் முதலாவது கரையும் முன்னே இரண்டாவது அதன் தலையில் ஏறி உட்காரும்.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் நிறைய. குறைந்த அளவு வாய்வழி மிசோப்ராஸ்டாலைப் பற்றி 2021-இல் வந்த காக்ரேன் தொகுப்பில் (பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் அறிக்கை) மட்டும் 61 ஆய்வுகள், 20,000-க்கு மேற்பட்ட பெண்கள். அதில் கிடைத்த படம் இது. கீழே வைத்தால் 24 மணி நேரத்துக்குள் பிரசவம் ஆகிறவர்கள் கொஞ்சம் அதிகம். வாயில் கொடுத்தால் நேரம் பிடிக்கும், பிறகு டிரிப்பும் அதிகம் தேவைப்படும். ஆனால் கருப்பை அளவுமீறிச் சுருங்கிக் குழந்தையின் இதயத்துடிப்பு மாறுவதும், குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது என்று சிசேரியனுக்கு ஓடுவதும் வாய்வழியில் குறைவு. காலத்தைக் கொடுத்துப் பாதுகாப்பை வாங்குகிற வியாபாரம் என்று சொல்லலாம். பழைய சிசேரியன் வடு இல்லாத கருப்பை, காயாக இருக்கும் கருப்பை வாய், குழந்தைக்கு அவசரம் இல்லை என்கிற சாதாரண நிலையில் அது லாபமான வியாபாரம் என்பது என் கணிப்பு. உங்கள் தங்கைக்குக் கொடுப்பது இதைத்தான்.

அந்தத் "தண்ணீர்" எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 25 மைக்ரோகிராம் மாத்திரை தனியாகவே கிடைக்கிறது. அது இருந்தால் பிரச்சினையே இல்லை. இல்லாத இடத்தில் இருப்பது 200 மைக்ரோகிராம் மாத்திரை. அதை பிளேடால் எட்டாக வெட்டுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. குண்டூசித் தலையை விடக் கொஞ்சம் பெரிய துண்டு. ஒன்று பெரிதாக, ஒன்று பொடியாக, மீதி பிளேடிலேயே தூளாக. ஒரு துண்டில் 15 இருக்கும், இன்னொன்றில் 40 இருக்கும், யாருக்கும் தெரியாது. 200 மி.லி. தண்ணீரில் ஒரு மாத்திரையைக் கரைத்தால் 1 மி.லி.க்கு 1 மைக்ரோகிராம், 25 மி.லி. எடுத்தால் ஒரு டோஸ். கணக்கு சுத்தமாக முடிகிறது. இதிலும் தவறு நடக்கும் இடங்கள் உண்டு. மாத்திரையின் மாவுப்பொருள் அடியில் படியும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டே எடுக்க வேண்டும். டம்ளரில் கண்ணளவாக ஊற்றக்கூடாது, சிரிஞ்சில் அளக்க வேண்டும். பாட்டிலில் பெயர், கரைத்த நேரம் எழுத வேண்டும். 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் செவிலியர் வயிற்றில் கை வைத்து 10 நிமிடம் உட்காருவார். சும்மா உட்காருவதில்லை. 10 நிமிடத்தில் மூன்று நல்ல வலி வந்தால் அடுத்த டோஸ் கிடையாது. "ரெண்டு மணி ஆச்சே, மருந்து ஏன் தரலை" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

கீழே வைக்கும்போது வேறு சில நுணுக்கம். மாத்திரையை விரலால் கருப்பை வாய்க்குப் பின்பக்கப் பள்ளத்தில் வைக்க வேண்டும். அடுத்த டோஸுக்குப் போகும்போது பழையது கரையாமல் கிடக்கிறதா என்று பார்த்து, கிடந்தால் எடுத்துவிட வேண்டும். பனிக்குடம் உடைந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தால் மாத்திரை எவ்வளவு உள்ளே சேர்ந்தது, எவ்வளவு அடித்துப் போனது என்று சொல்லவே முடியாது. தவிர ஒவ்வொரு தடவை விரல் உள்ளே போவதும் தொற்றுக்கு ஒரு வாசல். பனிக்குடம் உடைந்தவருக்கு வாய்வழியோ டிரிப்போ சரி என்பது இதனால்தான். முழு மாதத்தில் பனிக்குடம் உடைந்த 5,000-க்கு மேற்பட்ட பெண்களை வைத்து 1996-இல் வந்த பெரிய ஆய்வில், உடனே ஆக்ஸிடோசின் தொடங்கிய குழுவில் தாய்க்குத் தொற்று குறைவாக இருந்தது.

நாக்கடி, கன்னம் இரண்டும் காகிதத்தில் பார்க்க வசதியான வழிகள். ஆனால் நாக்கடியில் உச்சம் உயரமாக எழும்புவதால் கருப்பை அளவுமீறிச் சுருங்கும் அபாயம் கூடுதல். கன்னத்தில் வைப்பதைப் பிறப்புறுப்பு வழியோடு ஒப்பிட்ட 2019 அமெரிக்க ஆய்வில் கன்னம் தாமதம்தான் தந்தது, லாபம் ஒன்றும் தரவில்லை. உயிரோடு இருக்கும் முழுமாதக் குழந்தைக்கு இந்த இரண்டையும் வழக்கமாக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆசனவாய் வழி வலி எழுப்புவதற்கானது அல்ல.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் இதே 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கை நாக்கடியில் வைப்பார்கள்: 800 மைக்ரோகிராம். வலி எழுப்பும் டோஸைப் போல 32 மடங்கு. ஒரே வார்டு, ஒரே அலமாரி, ஒரே அட்டை. வயிற்றில் குழந்தை இருப்பவருக்கு ஒரு முழு மாத்திரை தவறிப் போனால் கருப்பை கிழியும் அளவுக்குப் போகலாம். இரண்டையும் வேறு வேறு பெட்டியில் வைக்கும் வார்டு நல்ல வார்டு. இந்த மாத்திரையைக் கடையில் வாங்கி வீட்டில் முயற்சி செய்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வலி எழுப்பும் வேலை சிசேரியன் செய்ய வசதி உள்ள, ஆள் கூடவே இருக்கிற இடத்தில்தான் நடக்க வேண்டும்.

அடுத்து ஜெல். 0.5 மி.கி. டைனோப்ராஸ்டோன் நிரப்பிய சிரிஞ்ச், கூடவே ஒரு மெல்லிய குழாய். பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அங்கிருந்து எடுத்து அறைச் சூட்டுக்குத் தானாக வரவிட வேண்டும், சுடுதண்ணீரில் போட்டுச் சூடாக்கக் கூடாது. ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் கருவி) வைத்துக் கருப்பை வாயைப் பார்த்து, குழாயை அதன் கால்வாய்க்குள் உள்வாய்க்கு, அதாவது கருப்பைப் பக்கத் திறப்புக்கு, சற்றுக் கீழே வரை மட்டும் நுழைத்து, மெல்ல அழுத்த வேண்டும். ஆர்வத்தில் உள்வாயைத் தாண்டிவிட்டால் மருந்து பனிக்குடப் பைக்கும் கருப்பைச் சுவருக்கும் நடுவே போய், திடீரென்று கடும் வலியைக் கிளப்பும். வேகமாக அழுத்தினால் வழிந்து வெளியே வரும். "ஜெல் வைத்தும் ஒன்றும் ஆகவில்லை" என்பதில் சில இந்த வழிந்த ஜெல்தான். வைத்தபின் 15 முதல் 30 நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். அடுத்தது 6 மணி நேரம் கழித்து, 24 மணி நேரத்தில் அதிகபட்சம் மூன்று. கடைசி ஜெல்லுக்குப் பிறகு டிரிப் தொடங்க குறைந்தது 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

ஜெல்லின் பலவீனம், வைத்துவிட்டால் வைத்ததுதான். துடைத்தாலும் கழுவினாலும் உறிஞ்சப்பட்டது திரும்பி வராது. இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் நாடா கட்டிய டைனோப்ராஸ்டோன் பட்டை. 10 மி.கி. மருந்து உள்ளே இருக்கும், மணிக்கு 0.3 மி.கி. வீதம் கசியும். பின்பக்கப் பள்ளத்தில் குறுக்குவாட்டில் வைத்து, நாடாவின் நுனியை வெளியே விட்டுவைப்பார்கள். குழந்தையின் துடிப்பு இறங்கினால் நாடாவைப் பிடித்து இழுத்தால் போதும். எடுத்த அரை மணியில் டிரிப்பும் தொடங்கலாம். குறை இரண்டு: ஃப்ரீசரில் வைக்க வேண்டும், விலை கடிக்கும். வைக்கும்போது விரலில் மசகு ஜெல்லி அதிகம் தடவினால் அது பட்டையைப் போர்த்திக்கொண்டு மருந்து கசிவதைத் தடுக்கும். கழிவறைக்குப் போகும்போது நாடாவோடு சேர்த்து இழுத்துவிடுவதும் நடக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

விலக்கிக்கொள்ளும் வசதியில் எல்லோரையும் மிஞ்சுவது டிரிப். ஆக்ஸிடோசின் ரத்தத்தில் 3 முதல் 6 நிமிடத்துக்குள் பாதியாகிவிடும். டிரிப் குழாயில் வேகத்தைத் திருகும் ரோலரை மூடினால் சில நிமிடங்களில் கருப்பை தளரத் தொடங்கும். வேறு எந்த வழிக்கும் இந்தப் பிரேக் கிடையாது. ஆனால் பிரேக் நன்றாக இருப்பதாலேயே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறவர்களும் இங்கேதான் அதிகம்.

கணக்கைப் பாருங்கள். 500 மி.லி. ரிங்கர் லாக்டேட்டில் (உப்புகள் கலந்த டிரிப் நீர்) 5 யூனிட் ஆக்ஸிடோசின் கலந்தால் 1 மி.லி.யில் 10 மில்லியூனிட் (1 யூனிட் என்பது 1,000 மில்லியூனிட்). 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் ஒரு சொட்டு அரை மில்லியூனிட். நிமிடத்துக்கு 2 மில்லியூனிட்டில் தொடங்க வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 4 சொட்டு. இதே பாட்டிலில் 2.5 யூனிட் கலந்தால் 8 சொட்டு. இப்போது பகல் ஷிஃப்ட் 2.5 யூனிட் கலந்து "8 சொட்டு ஓடுது" என்று எழுதிவிட்டுப் போக, இரவு ஷிஃப்ட் புதுப் பாட்டிலில் 5 யூனிட் போட்டு அதே 8 சொட்டை ஓடவிட்டால், யாரும் ரோலரைத் தொடாமலே டோஸ் இரட்டிப்பாகிவிடும். 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டுக்கு மாறினால் கணக்கு மறுபடியும் மாறும். கேஸ் ஷீட்டில் சொட்டை எழுதாமல் மில்லியூனிட்டை எழுதச் சொல்வது இதனால்தான். இன்ஃப்யூஷன் பம்ப் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்: 5 யூனிட் பாட்டிலுக்கு மணிக்கு 12 மி.லி. என்றால் 2 மில்லியூனிட். பம்ப் இல்லாத இடத்தில், கர்ப்பிணி புரண்டு படுத்தாலே சொட்டின் வேகம் மாறும். திரும்பத் திரும்ப எண்ண வேண்டும்.

மருந்தைப் பாட்டிலில் ஊசியால் செலுத்தியதும் தலைகீழாகச் சில முறை கவிழ்த்துக் கலக்க வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் அப்படியே செலுத்தினால் மருந்து அடிக்கழுத்தில் தங்கி, முதல் சில மி.லி.யிலேயே கெட்டியாக இறங்கிவிடும். வேகத்தை 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் கூட்ட வேண்டும். ஒரு அளவு ரத்தத்தில் நிலைகொள்ள அவ்வளவு நேரம் ஆகிறது. பத்து நிமிடத்தில் வலி வரவில்லை என்று கூட்டி, மறுபடி கூட்டினால், அரை மணியில் இரண்டும் சேர்ந்து வந்து நிற்கும். 10 நிமிடத்தில் மூன்று நான்கு வலி, ஒவ்வொன்றும் 40 விநாடிக்கு மேல் என்றானதும் அங்கேயே நிறுத்தி வைத்துவிட வேண்டும். வெறும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் (உப்பில்லாத சர்க்கரை நீர்) கலந்து அதிக அளவு, அதிக நேரம் ஓட்டினால் இன்னொரு ஆபத்து: ஆக்ஸிடோசின் சிறுநீரைக் குறைக்கும், உப்பில்லாத தண்ணீர் உடலில் சேரும், ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரும்.

டிரிப்பை மெச்சியதை வைத்து ஆக்ஸிடோசினைத் தசையில் ஊசியாகப் போடுவதையும் சரி என்று எண்ணிவிடக் கூடாது. குழந்தை பிறந்த பின் தசையில் 10 யூனிட் என்பது ரத்தப்போக்கைத் தடுக்கும் சரியான மருத்துவம். குழந்தை பிறக்கும் முன் "வலி ஊசி" என்று தசையில் போடுவது, பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டி ஓட்டுவது. உள்ளே போனதைக் குறைக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அப்படி யாராவது போட வந்தால் வேண்டாம் என்று சொல்ல வீட்டாருக்கு எல்லா உரிமையும் உண்டு.

முந்தைய பிரசவம் சிசேரியன் என்றால் மேலே சொன்ன ஒப்பீடே மாறிவிடும். 2001-இல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்வில், முதல் பிரசவம் சிசேரியனான பெண்களில், தானாக வலி வந்தவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 5 பேருக்குக் கருப்பை கிழிந்தது. ப்ராஸ்டாகிளாண்டின் இல்லாமல் வலி எழுப்பியவர்களில் 8 பேருக்கு அருகில். ப்ராஸ்டாகிளாண்டின் கொடுத்தவர்களில் 24-க்கு மேல். அதனால் வடு உள்ள கருப்பைக்கு மிசோப்ராஸ்டால் எந்த வழியிலும் கிடையாது. அங்கே மருந்தில்லாத ஃபோலி பலூன்: ட்யூபைக் கருப்பை வாயைத் தாண்டி நுழைத்து 30 முதல் 60 மி.லி. தண்ணீர் நிரப்பி, பலூனின் அழுத்தத்தாலேயே வாயைத் திறப்பது. வடு இல்லாதவர்களுக்கும் இது நல்ல மாற்று. நாக்பூரில் ரத்தக்கொதிப்பு உள்ள 602 கர்ப்பிணிகளிடம் நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், வாய்வழி மிசோப்ராஸ்டால் கொடுத்தவர்களில் 57 சதவீதம் பேருக்கும், ஃபோலி வைத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனது.

எந்த வழியில் கொடுத்தாலும் அளவு மீறினால் அடையாளம் ஒன்றுதான்: 10 நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி, அல்லது ஒரு வலி இறங்காமலே அடுத்தது. சுருக்கத்தின்போது நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும். இடைவெளியில்தான் குழந்தை மூச்சு வாங்குகிறது. அப்போது டிரிப்பை நிறுத்துவார்கள், பட்டையையோ கரையாத மாத்திரையையோ எடுப்பார்கள், இடதுபக்கம் சரித்துப் படுக்கவைப்பார்கள், தேவைப்பட்டால் டெர்ப்யூட்டலின் 0.25 மி.கி. தோலடியில் போட்டுக் கருப்பையைத் தளர்த்துவார்கள்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். முதல் பிரசவம், காய் வாய் என்றால் ஒரு நாள் முழுக்க ஆவது சாதாரணம். நாலு டோஸ் கொடுத்தும் வலி வரவில்லை என்றால் மருந்து தோற்றது என்று அர்த்தமில்லை. வாய் இளகிக்கொண்டிருக்கும், வெளியே தெரியாது. வாய் பழுத்தும் வலி போதாவிட்டால் கடைசி டோஸிலிருந்து குறைந்தது 4 மணி நேரம் விட்டு, பனிக்குடத்தை உடைத்து டிரிப் தொடங்குவார்கள். தாயும் சேயும் நன்றாக இருக்கும்வரை, பனிக்குடம் உடைந்து டிரிப் 12 முதல் 18 மணி நேரமாவது ஓடியும் வாய் திறக்கும் கட்டத்துக்கே போகவில்லை என்றால்தான் "இன்டக்ஷன் ஃபெயில்" என்ற வார்த்தை வரவேண்டும். அதுவரை கூட இருப்பவர் கவனிக்க வேண்டியது சில விஷயங்கள்தான்: வலிக்கு நடுவே வயிறு மெத்தென்று தளர்கிறதா, குழந்தை அசைகிறதா, உடைந்த நீர் பச்சையாகவோ ரத்தமாகவோ போகிறதா. லேசான குளிர்நடுக்கம், ஒரு வாந்தி, தளர்ந்த மலம் எல்லாம் இந்த மாத்திரையின் வழக்கமான தொந்தரவுகள். வயிறு தளரவே இல்லை என்றால் அடுத்த ரவுண்டுக்குக் காத்திருக்காமல் அப்போதே செவிலியரைக் கூப்பிடுங்கள்.